பகையாளி கொடுத்த நற்சான்று

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆள் எடுப்பதற்கு முன் அவர் ஊருக்குப் போய் விசாரித்து வருவது என் வேலை. நான் கறார் பேர்வழி. கேட்டதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் எழுதி மேனேஜர் மேசையில் வைப்பேன். அதில் எனக்குக் கர்வம் வேறு. நானே மாமாவின் சிபாரிசில், யாரும் எதுவும் விசாரிக்காமல் சேர்ந்தவன் என்பது வேறு விஷயம்.

ஸ்டோர் காவலுக்கு ஆள் தேவைப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒருவர் மனு போட்டிருந்தார். முகத்துவாரத்தை மணல் மூடி, இறால் வரத்து நின்று, மூன்று பிள்ளைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தவர். சொந்தக்காரர் அல்லாத ஒருவர் அவர் நடத்தைக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி. குப்பத்தில் போய்க் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் மாமன், ஒருவர் மச்சான், மீதிப் பேர் பங்காளிகள்.

"எதிர்க்கரைல ஒருத்தன் கீறான் சார். சொந்தமில்ல. ரெண்டு வருசமா பேச்சும் இல்ல. வேற வழி இன்னா கீது, அவனையே கேட்டுக்கோ," என்றார் மனு போட்டவர். முகம் செத்துப்போயிருந்தது.

படகில் அக்கரைக்குப் போனேன். அந்த மனிதர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோவக்காரன் சார். வலைத் தகராறுல துடுப்பாலயே என்னை அடிச்சான். இன்னும் தோளு வலிக்குது," என்றார்.

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை உண்டு. அந்த முறையைப் பற்றித்தான் பிறகு சொன்னார்.

"போன வருசம் நான் காய்ச்சல்ல பட்த்துகினு இருந்தேன். என் மொற நாள்ல எடம் சும்மா கெடந்துச்சு. என் கூடப்பொறந்தவனே அதுல வலை போட்டுட்டான். இவன் போடல. கதவத் தொறந்து போட்டு இவனை நம்பி உட்டுட்டுப் போலாம். எழுதிக்கோ."

எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த நிஜமான நற்சான்று அது ஒன்றுதான். தலைமையாசிரியரும் பஞ்சாயத்துத் தலைவரும் எழுதிக் கொடுப்பதெல்லாம் வெறும் சர்க்கரைப் பாகு. பஸ்ஸில் திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் என் கறார் புத்தி சும்மா இருக்கவில்லை. துடுப்பால் அடித்ததையும் எழுதினேன். அதையே முதல் வரியாக எழுதினேன், அவர் சொன்ன வரிசை அதுதானே என்று. மேனேஜர் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட்டு மனுவை ஓரங்கட்டிவிட்டார். மீதியைப் படித்தாரா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுவாரம் மனு போட்ட குப்பத்து மனிதர் கம்பெனி கேட்டுக்கு வந்தார். வேலை இல்லை என்றதும் கண் சிவந்துவிட்டது.

"கவுத்துட்டானா? எனக்குத் தெரியும் சார். இன்னிக்கு அவன் ஊட்டுக்கே போயி..."

"அவர் உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் சொன்னாரு," என்றேன். காய்ச்சல், முறை, கதவு எல்லாவற்றையும் சொன்னேன். "அடிச்சதையும் சேர்த்து எழுதினது நான். அதைப் பார்த்துதான் வேண்டாம்னுட்டாங்க."

கிளம்பப்போனவர் திரும்பி என் எதிரில் வந்து நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடி வாங்கினவனே அத்த உட்டுட்டான். நீ ஏன் சார் உடல?" என்றார்.