நான் கழற்றிய தட்டு

எண்பதுகளில் பாலக்கோட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தக்காளித் தோட்டம். கிணறு பள்ளத்தில், தோட்டம் மேட்டில். மேலே ஏறும் பைப்பில் வழியிலேயே மாட்டுத்தொட்டிக்கு ஒரு குழாய் பிரியும். அதைத் தாண்டியதும் ஒரு செக் வால்வு. உள்ளே இருக்கும் பித்தளைத் தட்டு, தண்ணீர் மேலே போனால் திறக்கும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். துரு சிக்கி அடிக்கடி தண்ணீர் குறையவே, ஒருநாள் எரிச்சலில் தட்டைக் கழற்றி எறிந்தேன். தண்ணீர் பீறிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாசி மாதம், மேட்டில் பூச்சிமருந்து ஊற்றிய டிரம்முக்குள் பைப்பில் மாட்டிய ஓஸைப் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். டிரம் நிறையும் நேரத்தில் கரண்ட் போயிற்று. ஓஸை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து ஒரு பசுவோடு வந்தவள். அது அப்போது எட்டு மாதச் சினை. பொழுது மங்கும் நேரம் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அவள் சாணி அள்ளப் போயிருக்கிறாள். பசு வயிறு முட்டக் குடித்தது. நான் திரும்பியபோது வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. டாக்டர் வருவதற்குள் அடங்கிவிட்டது. வயிற்றிலிருந்த கன்றும்தான்.

"மருந்து பக்கெட்டக் கழுவாம தொட்டியில முக்கியிருப்பா," என்றார் என் அம்மா.

"நான் அந்தப் பக்கெட்டத் தொடவே இல்லீங்க அத்தே," என்று அவள் அழுதாள். யாரும் நம்பவில்லை.

மறுநாள் மேட்டுக்குப் போனேன். நிறைந்திருந்த டிரம்மில் பாதிகூட இல்லை. கீழே குழாயைத் திறந்ததும் பைப்பில் இருந்த தண்ணீர் இறங்க, அதன் பின்னாலேயே ஓஸ் வழியாக டிரம்மிலிருந்த மருந்தும் இறங்கியிருக்கிறது. தடுக்க அங்கே தட்டு இல்லை.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அம்மா மறுபடி ஆரம்பித்தபோது, "தப்பு என்னுதும்மா. வால்வுத் தட்டக் கழட்டினது நான்தான்," என்றேன்.

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மனைவி என்னையே பார்த்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"முந்தாநாளே."

"ரெண்டு நாளா நான் பேச்சு வாங்கறதப் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"



அன்றே புதிய வால்வு வாங்கி மாட்டினேன். சில மாதம் கழித்து அவளுடைய அண்ணன் ஒரு கிடேரியை ஓட்டி வந்தார். அவள் கயிற்றைக்கூட வாங்கவில்லை.

"இந்த வூட்டுக்கு வேண்டாம்ணா. ஓட்டிக்கிட்டுப் போயிருங்க."

நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.