கைராசியிலிருந்து மீண்ட அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது உங்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணப் பந்திகளில் "எங்க பொண்ணு அணுகுண்டு செய்யுதுங்க" என்று பெருமையாகச் சொல்லிவந்த பெரியப்பாவுக்குக் கடைசி முறையாகச் சொல்லிக்கொள்கிறேன். அது அணுகுண்டு இல்லை, பெரியப்பா.

அக்கா திருச்செங்கோட்டில், ரிக் வண்டியில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் போர்வெல் போட வடமாநிலங்களில் இருப்பார். வீட்டில் அம்மாவும் நாங்கள் இருவரும்தான். அரசுப் பள்ளியில் படித்து, சேலத்தில் கல்லூரி முடித்து, இயற்பியல் ஆராய்ச்சிக்கு அக்கா வடக்கே கிளம்பியபோது, பொட்டைப்பிள்ளையை அத்தனை தூரம் அனுப்புவதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்பா அசரவில்லை. "நானுந்தான் அத்தன தூரம் போறேன். நான் வண்டியோட போறேன், புள்ள புஸ்தகத்தோட போகுதுங்க" என்றார்.

படிப்பு முடித்து, துகள் முடுக்கி உள்ள ஓர் ஆய்வகத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அணுக்களை மிக வேகமாக ஓடவிட்டு, எதன்மீதாவது மோதவிட்டுப் பார்க்கும் நீளமான இயந்திரம் அது. அந்த ஓட்டம் தொடங்கும் இடத்தின் பெயர் அயனி மூலம். அக்கா அதைச் 'சோர்ஸ்' என்பார். சோற்றுக் குண்டான் அளவே உள்ள ஓர் உலோக அறை. அதிலுள்ள காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, துளி வாயுவையோ உலோக ஆவியையோ உள்ளே விடுவார்கள். அதை நுண்ணலையால் சூடாக்கி, சுற்றிலும் காந்தம் வைத்து வெளியே ஓடாமல் பிடித்து வைப்பார்கள். உள்ளே இருக்க இருக்க அணுவிலிருந்து எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக உரியும். அதிகம் உரிந்த அணுவுக்கு மின்னேற்றம் அதிகம், அதைத் தள்ளி ஓட்டுவது சுலபம். ஆனால் அதிக நேரம் பிடித்து வைத்தால் வெளியே வருவது குறைந்துபோகும். நன்றாக உரிந்ததாகவும் வேண்டும், நிறையவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அக்காவின் வாழ்நாள் கழிந்தது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நாங்க போர் போடக் காத்தப் பூமிக்குள்ள அடிக்கிறோம், இவ இருக்கிற காத்த வெளிய இழுக்கறா. அவ்வளவுதான சாமி?" என்றார். அவ்வளவேதான் என்று அக்கா சிரித்தார்.

அந்தச் சோர்ஸ் ஒரு நிலையில் நிற்காது. உலோகத்தை ஆவியாக்கும் சிறு அடுப்பின் சூடு கொஞ்சம் நகர்ந்தாலும் வெளியே வரும் அணுக்களின் கற்றை, அவர்கள் பேச்சில் 'பீம்', இளைத்துவிடும். மற்றவர்கள் சரிசெய்யப் போனால் பொறி பறந்து எல்லாம் நின்றுபோகும். அக்கா உட்கார்ந்து வாயுவைத் துளி குறைத்து, காந்தத்தைத் துளி கூட்டினால் கற்றை திரும்பிவிடும். மேடத்துக்குக் கைராசி என்று பேர் வந்தது. கைராசி டாக்டரைத் தேடி ஊர் ஊராகப் போகிறோமே, அப்படி அங்கே வரும் ஆராய்ச்சியாளர்கள் அக்கா இருக்கும் நாளாகப் பார்த்து இயந்திரத்தில் தங்கள் முறையைக் கேட்டு வாங்கினார்கள். அக்காவுக்கு முதலில் பெருமைதான். எனக்கும் பெருமைதான், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமையே அக்காவைக் கட்டிப்போட்டது. என் கல்யாணத்துக்கு முகூர்த்தத்தன்று காலையில் வந்து மாலையில் கிளம்பினார். அப்பா இறந்தபோது கருமாதிவரை இருக்க விடுப்பு கிடைக்கவில்லை. அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. "மாமியா இல்லாத கொறையத்தான் அந்தச் சோர்ஸ் தீத்து வெக்குதே" என்று அம்மா கேலி பேசுவார். பழைய சோர்ஸைப் பிரித்து நிலையாக நிற்கும்படி புதிதாகக் கட்ட அக்கா அனுமதி கேட்பார், அதற்கு மாதக்கணக்கில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். "நீங்கள் இருக்கும்போது என்ன அவசரம்?" என்பார்கள் மேலதிகாரிகள். தெற்கே மாற்றல் கேட்டாலும் அதே பதில்தான். எவ்வளவுக்கெவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாரோ அவ்வளவுக்கவ்வளவு அது அவரை இறுக்கிப் பிடித்தது.

அம்மாவைச் சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது அக்கா வந்தார். ஆனால் பாதி நேரம் வராந்தாவில் போனும் கையுமாகத்தான் நின்றார். ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த சரவணன் என்னும் ராசிபுரத்துப் பொறியாளர் போனின் அந்தப் பக்கம் சோர்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஆக்சிஜனக் கொறைங்க. இன்னுங் கொறைங்க. ஒண்ணும் ஆகாது" என்று அக்கா சொன்னது, அந்நேரம் பார்த்து வந்த சித்தியின் காதில் விழுந்தது. "அடிப்பாவி! பெத்தவளுக்கு மூச்சு முட்டுது, ஆக்சிஜனக் கொறைக்கச் சொல்றாளே!" என்று சித்தி போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. சோர்ஸுக்குள்ளும் துளி ஆக்சிஜன் கலப்பார்கள், உரிவதற்கு அது உதவும் என்று அக்கா விளக்கியபோது, மூச்சுக்கவசத்துக்குள்ளிருந்து அம்மாவும் சிரித்தார்.

மறுநாளும் அதே வராந்தா, அதே போன். அம்மாவின் முகம் மாறிக்கொண்டு வந்தது. "பெரியவளக் கூப்புடு" என்றார். நான் ஓடிப்போய் அக்காவின் தோளைத் தொட்டேன். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினார். போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது அம்மா இல்லை. அந்த விரலை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மலரில் எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

காரியம் முடிந்தபின் அக்கா என்னிடம் சொன்னார். "கைராசி கைராசின்னாங்க. அது ராசியில்ல சாமி, மெஷின்ல கோளாறு. நான் கைய வெச்சு வெச்சு அத மூடிட்டேன். யாரு கண்ணுக்கும் படாமயே போச்சு. இனிமே தொட மாட்டேன்."

சொன்னபடியே செய்தார் என்பதைச் சரவணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். கற்றை இளைக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "மேடம், ஒரு தடவை மட்டும்" என்று கெஞ்சியவர்கள் உண்டு, திமிர் என்று ஏசியவர்கள் உண்டு. பதவி உயர்வும் தள்ளிப்போனது. அக்கா அசையவில்லை. கோளாறு எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகுதான் நிறுத்திக் கட்ட அனுமதி வந்தது. அடுப்பை மாற்றினார்கள், காந்தங்களை மாற்றினார்கள், சூடு நகர்ந்தால் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் செய்தார்கள். முதல் முயற்சி உருகிப் பாழானது. மறுபடி கட்டினார்கள். இப்படியே சில வருடங்கள் போயின. கடைசியில், முன்பு அக்கா கையால் வாங்கியதைவிட அதிகமான கற்றை, யார் கையும் படாமல் நிலையாக வந்தது.

அந்த வருடமே அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். சோர்ஸ் விட்டது, நோய் பிடித்துக்கொண்டது. இது என்ன நியாயம் என்று நான் கேட்காத சாமியில்லை. நீண்ட விடுப்பில் திருச்செங்கோட்டுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். மாடிப்படி ஏற முடியாது, வெயிலில் நடக்க முடியாது. ஓர் அறையும் கட்டிலும்தான். தலைமாட்டில் போன் இருக்கும். அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். அது அடிக்காது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒருத்தனாச்சும் கூப்படறானா பாருக்கா, நன்றிகெட்டவனுக" என்றேன்.

"கூப்படக் கூடாதுன்னுதான சாமி அத்தன பாடுபட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். "சந்தோசமா சங்கடமான்னு எனக்கே தெரியலடி."

பிறகு போனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என்னோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தார். பச்சைப்பயறு கடைசலில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டார். நாங்கள் இருவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது போட வேண்டிய சண்டைகளையெல்லாம் அந்த அறையில் போட்டு முடித்தோம். வலி கூடிய நாட்களில் நான் காலைப் பிடித்துவிடுவேன். ஒரு காலைப்பொழுதில், என் கைக்குள் கை இருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது.

காரியத்துக்குச் சரவணனும் மற்றவர்களும் அத்தனை தூரம் பயணம் செய்து வந்திருந்தார்கள். மனத்தில் கிடந்ததை நான் கேட்டேவிட்டேன். "ஏனுங்க, இத்தன மாசத்துல மெஷின்ல ஒரு பிரச்சினையும் வரலீங்களா?"

"வந்துச்சுங்க. ஒருதடவ பீமே நின்னு போச்சு. மேடத்தக் கேட்டா உடனே சொல்லிருப்பாங்கன்னு போனக் கையில எடுத்துட்டோம். அப்பறம் வெச்சுட்டோங்க. நாங்களே முட்டி மோதி ஒருவழியாப் பாத்துக்கிட்டோம்" என்றார்.

அக்காவின் நோய்க்காலத்தில் மருத்துவம் பார்த்தவர்களுக்கும், முகம் சுளிக்காமல் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கூடவே தங்கிய சித்திக்கும், இறுதிப் பயணத்தில் உடன் நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆய்வக நண்பர்களுக்குத் தனியே ஒரு நன்றி சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தும் கூப்பிடாமல் வைத்தீர்களே, அதற்கு. அந்தச் சில மாதங்கள்தான் எனக்கு அக்கா இருந்தார்.