குலுக்கி அளந்த மணல்

யுத்த காலத்தில் பட்டணத்து ஆபீஸ் வாசல்களிலெல்லாம் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். குண்டு விழுந்தால் அதிர்ச்சியை மணல் தாங்கிக்கொள்ளுமாம். அந்த அதிர்ச்சி மணலுக்குள் எவ்வளவு வேகத்தில் பாயும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதையே காலேஜில் நாங்கள் இரண்டு பெண்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டோம். நான் மயிலாப்பூர்; தோழி சாந்தோம் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அடையாற்று முகத்துவாரத்து மணலைச் சலித்து, கழுவி, காயவைத்தோம்.

நீளமான மரப்பெட்டி நிறைய மணல். ஒரு முனையில் சுத்தியலால் ஓர் அடி. சுழலும் உருளையில் கரிப்புகை படிந்த காகிதம் சுற்றியிருக்கும். அடி விழும்போது அதில் ஒரு கீறல், அதிர்ச்சி மறுமுனைக்கு வந்ததும் இன்னொரு கீறல். இடைவெளியை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். தெரியவும் தெரிந்தது. ஆனால் நான் செய்தால் ஒரு வேகம், அவள் செய்தால் அதைவிடக் குறைவு.

எங்கள் புரொபசருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே மணல், ரெண்டு விடையா? வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். ஒத்து வரலேன்னா வேற விஷயம் எடுத்துக்கோங்கோ" என்றார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மறுநாள் நான் பெட்டியை நிரப்பும்போது தோழி சிரித்தாள். "என்னடி, அரிசியா அளக்கிறே?"

என் கையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் படியைக் குலுக்கி இரண்டு தட்டுத் தட்டித்தான் அளப்போம். தட்டாமல் அளப்பது கருமித்தனம் என்பாள் அம்மா. அதையே பெட்டிக்கும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். தோழியோ மணலை அலுங்காமல் சரித்துவிடுவாள். தட்டிய மணல் நெருக்கமாக உட்கார்ந்து, அடியைச் சீக்கிரம் கொண்டுபோகிறது! கேலி செய்தது அவள். அதற்குள் இருந்த விஷயத்தைப் பிடித்தது நான். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

அவளைத் தட்டி நிரப்பச் சொன்னேன். நான் தட்டாமல் நிரப்பினேன். வேகங்கள் அப்படியே இடம் மாறின.

வெள்ளிக்கிழமை, "நீங்களே நிரப்புங்கோ சார்" என்றேன். புரொபசரும் மயிலாப்பூர்க்காரர்தான். மணலைக் கொட்டிவிட்டு, தன்னையறியாமல் பெட்டியை டொக் டொக்கென்று தட்டினார். தோழி என் முழங்கையைக் கிள்ளினாள்.

சுத்தியல் விழுவதற்கு முன்பே சொன்னேன்: "என்னோட வேகம்தான் வரும் சார்."

அதேதான் வந்தது.

"எப்படி முன்னாடியே சொன்னே?"

"நீங்க தட்டினேள் சார்."

அவர் மணல் ஒட்டிய தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற விஷயம் வேண்டாம். இதையே எழுதுங்கோ. அதுல ரெண்டு வேகமும் வரணும்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.