மைனஸ் மூன்றுக்குப் போட்ட கதவு

அவரைக் கைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்பவர்கள் ஜேப்படிக்காரரோ என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வதும் உண்டு. பாவம், அந்த மனிதருக்கு அந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. பார்வையில்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பவர் அவர். கேள்வியை வாசித்துக் காட்டுவார், அவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதுவார். "இந்தத் தடவை உனக்கு எந்தக் கை?" என்று அவர்கள் தங்களுக்குள் விசாரித்துக்கொள்வார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

மற்ற நாட்களில் ஜெராக்ஸ் கடையில் வேலை. பரீட்சைக் காலத்தில் மட்டும் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்குவார். இந்தக் கை வேலைக்கு ஒரு விசித்திரமான தகுதி கேட்டார்கள். எழுதிக் கொடுப்பவர், பரீட்சை எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடையை அவரே போட்டுவிடுவாரே! நம்மவர் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டு அதோடு நின்றவர். வேறு எங்கே காட்டினாலும் பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கும் அந்த மதிப்பெண் தாளுக்கு இங்கே ராஜ மரியாதை. "படிக்காம போனதுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறது எங்க வீட்டுக்காரரை மட்டுந்தான்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் ஒன்று. வரலாறு எழுதுவார், மொழிப்பாடம் எழுதுவார், கணக்கு என்றால் மட்டும் காய்ச்சல் என்று சொல்லிவிடுவார். எண்ணையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்தாலே அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை எக்ஸ்சேஞ்சு அக்கா எப்படிப் பிடித்தார் என்பதுதான் கதை.

எக்ஸ்சேஞ்சு அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. முந்நூற்றுச் சொச்சம் உள் எண்களும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த டாக்டர் எந்த மாடியில் இருப்பார் என்று டாக்டரின் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் அக்காவுக்குத் தெரியும். பதினான்கு வருஷமாகத் தற்காலிக ஊழியர். பத்தாம் வகுப்பு முழுதாகத் தேறினால் நிரந்தரம். கணக்கு ஒன்றுதான் பாக்கி, ஏற்கெனவே இரண்டு தடவை போயாயிற்று. இந்தத் தடவையும் போனால் அவர் இடத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பேசும் இயந்திரத்தை வைத்துவிடுவதாக அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டார்கள்.

"கணக்கு எனக்கு வராதுக்கா" என்றார் கைக்காரர்.

"உனக்கு வரவே வேணாம் தம்பி. வராதவர்தான் எனக்கு வேணும்" என்றார் அக்கா.

கைக்காரர் சரி என்றார்.

ஒரு மாதம் தினமும் மாலையில் தொலைபேசி அறையில் ஒத்திகை நடந்தது. முதல் நாளே முட்டிக்கொண்டது. இவர் "ரெண்டு எக்ஸ் கூட்டல் அஞ்சு" என்று வாசித்தார். அக்கா அதன்படி போட்டார், விடை தப்பு. பார்த்தால், புத்தகத்தில் எக்ஸும் ஐந்தும் ஒரு அடைப்புக்குறிக்குள் இருக்க, இரண்டு வெளியே நின்றது. கண்ணுக்குத் தெரிகிற வளைவு வாய்க்கு வரவில்லை. வாயால் வாசிக்கும்போது அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் கேட்கும். விடை மட்டும் எங்கோ போய்விடும்.

"அப்ப இப்படிச் செய்" என்றார் அக்கா. "அடைப்பு தொறந்தா கதவுன்னு சொல்லு. மூடினா சாத்துன்னு சொல்லு. வெளிய நிக்கிற எண் கதவைத் தொறந்து உள்ள போனா ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுதான் வரணும், ஒருத்தரை விட்டாலும் மனஸ்தாபம். புத்தகத்துல இதைப் பங்கீட்டுப் பண்புன்னு போட்டிருக்கான்."

அப்படியே பழகினார்கள். ரெண்டு, கதவு, எக்ஸ் கூட்டல் அஞ்சு, சாத்து. அக்கா விடை சொல்லும்போதும் அதே பாஷைதான். எக்ஸ் இருக்கும் இடத்தில் மைனஸ் மூன்றைப் போட்டு வர்க்கம் எடுக்க வேண்டுமானால், "கதவு, மைனஸ் மூணு, சாத்து, ஸ்கொயர்" என்பார். கதவுக்குள் இருந்தால் மைனஸும் சேர்ந்து பெருகும், மைனஸும் மைனஸும் பிளஸ், விடை ஒன்பது. கதவு இல்லாவிட்டால் மூன்று மட்டும் பெருகும், மைனஸ் வெளியிலேயே நிற்கும், விடை மைனஸ் ஒன்பது. இந்த ஒன்றை அக்கா ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். கைக்காரருக்குக் கணக்கு ஏறியதோ இல்லையோ, மைனஸ் மூன்றுக்குக் கதவு வேண்டும் என்பது மட்டும் மண்டையில் நன்றாகப் பதிந்துவிட்டது. வந்த வினையே அதுதான்.

பரீட்சை அன்று இருவருக்கும் தனி அறை, ஒரு மேசை. மேற்பார்வையாளராக வந்த அம்மாள் விறைப்பான ஆள். நின்ற இடத்தில் நிற்காமல் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். இரண்டாவது கேள்வியில் இவர் "மூணு, கதவு" என்று வாசித்ததுதான் தாமதம், வந்து நின்றுவிட்டார்.

"அது என்ன கதவு?"

"அடைப்புக்குறிங்க. நாங்க அப்படித்தான் பழகியிருக்கோம்."

"அடைப்புக்குறின்னா அடைப்புக்குறின்னு சொல்லணும். இங்க சங்கேதம் எல்லாம் கூடாது. இன்னொரு தடவை காதுல விழுந்தா ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுடுவேன்."

கைக்காரர் சரிங்க என்று தலையாட்டினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் மேசையின் விளிம்பில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், நகம் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் இவருக்கு இன்னும் பயம் கூடியது.

ஒரு மதிப்பெண் கேள்விகள் எப்படியோ ஓடின. கழித்தலுக்குப் பரிமாற்றுப் பண்பு உண்டா என்று ஒரு கேள்வி. "இல்ல. ஏழுல மூணு போனா நாலு, மூணுல ஏழு போனா மைனஸ் நாலு" என்று அக்கா சட்டென்று சொன்னார். இவரும் எழுதினார். நல்லபடியாகப் போகிறது என்று ஒரு மூச்சு விட்டார். அதற்குள் வந்தது அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி.

எக்ஸ் மூன்று எனில், மைனஸ் எக்ஸ் வர்க்கம், கூட்டல், நான்கு பெருக்கல் அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் இரண்டு. இதன் மதிப்பு என்ன? வாசித்துவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா சொல்ல ஆரம்பித்தார். "மைனஸ் மூணு ஸ்கொயர். கூட்டல். நாலு, அடைப்புக்குறி, மூணு கூட்டல் ரெண்டு, அடைப்புக்குறி முடிவு."

கைக்காரரின் பேனா நின்றது. மைனஸ் மூன்று வர்க்கம். எங்கே கதவு? ஒரு மாதமாக மைனஸ் மூன்றுக்குக் கதவு போடாமல் அக்கா சொன்னதே இல்லை. அந்த அம்மாள் போட்ட அதட்டலில் பயந்து விட்டுவிட்டார் போல. "திரும்பச் சொல்லுங்கக்கா" என்றார். திரும்பக் கேட்கலாம், அதற்கு விதி உண்டு. அக்கா அதையே அட்சரம் பிசகாமல் திரும்பச் சொன்னார். கதவு இல்லை.

பின்னாலிருந்த செருப்புச் சத்தம் ஜன்னல் பக்கம் போனது. பதினான்கு வருஷ வேலை, ஐந்து மதிப்பெண், ஒரு அற்பக் கதவு. இதுகூட நான் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன் என்று நினைத்தார். மைனஸ் மூன்றின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வளைவு போட்டார்.

"அடுத்த வரி" என்றார் அக்கா. "மைனஸ் ஒன்பது கூட்டல் இருபது. சமம் பதினொண்ணு."

மைனஸ் ஒன்பதா?

கேள்வித்தாளைப் பார்த்தார். எக்ஸ் என்பது மூன்று. மைனஸ் மூன்று இல்லை, வெறும் மூன்று. மைனஸ் வெளியே நின்ற மைனஸ். அக்கா பயந்து விட்டதில்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் கதவே கிடையாது. இவர் போட்ட கதவால் இப்போது மேல் வரி ஒன்பது என்கிறது, கீழ் வரி மைனஸ் ஒன்பது என்கிறது. திருத்துபவர் பார்த்தால், எங்கிருந்தோ விடையைக் காதில் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

அடிக்க முடியாது. பரீட்சை எழுதுபவர் சொல்லாமல் எதையும் அடிக்கக் கூடாது. அக்காவிடம் சொல்லலாம் என்றால் செருப்புச் சத்தம் திரும்ப வந்துகொண்டிருந்தது. நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன் என்று வாயைத் திறந்தால் தாளையே பிடுங்கிவிடுவார்கள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேன்க்கா."

மிச்சப் பரீட்சையை எப்படி எழுதினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்த மனிதர் மனிதராக இல்லை. இருபது பிரதி கேட்டவருக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைத் தவிர்க்க ஒரு மைல் சுற்றிப் போனார். கடைசியில் மனைவி பிடித்து உலுக்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் முழுசையும் கேட்டு முடித்தாள். பிறகு, "ரிசல்ட் வரதுக்கு முன்னாடி போய்ச் சொல்லுங்க" என்றாள். "வந்த பிறகு சொன்னா, அது அவங்களுக்காகச் சொன்னதா இருக்காது. உங்களுக்காகச் சொன்னதாத்தான் இருக்கும்."

மறுநாள் தொலைபேசி அறைக்குப் போனார். அக்கா காதில் கருவியை மாட்டிக்கொண்டு அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே சொன்னார். நடுவில் மூன்று அழைப்பு வந்தது. ஒவ்வொன்றையும் அக்கா நிதானமாக எடுத்து, "இருங்க, கொடுக்கறேன்" என்று இணைத்துவிட்டு மறுபடி இவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் மறந்துட்டேன்னு நெனச்ச" என்றார் கடைசியில்.

"பயத்துல விட்டுட்டீங்கன்னு..."

"எனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்ச. ஊரே அப்படித்தான் நெனைக்குது, அது பழகிடுச்சு. நீயுமா?" குரல் உயரவில்லை. "எந்த எண்ணையும் ஒண்ணால பெருக்கினா அது மாறாதுன்னு படிச்சோமே, நீதான் வாசிச்ச. எழுதித் தரவங்க அந்த ஒண்ணு மாதிரி இருக்கணும் தம்பி. அவ்வளவுதான் நான் கேட்டது."

இன்னொரு அழைப்பு வந்தது. அக்கா அதை எடுத்தார். கைக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். நாற்பது வயது மனிதர் படியில் உட்கார்ந்து அழுவதை ஆஸ்பத்திரியில் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கடைத் தொலைபேசி அடித்தது. கடைக்காரர் எடுத்து, "உங்களைத்தான்" என்று நீட்டினார்.

"பாஸ்" என்றார் அக்கா. "முப்பத்தஞ்சு எடுத்தா போதும். முப்பத்தாறு வந்திருக்கு."

கைக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சந்தோஷம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"நான் சொன்னதுக்கு நாப்பத்தொண்ணு வரணும்" என்றார் அக்கா. "அன்னிக்கே கூட்டி வெச்சிருந்தேன்."

கைக்காரர் போட்ட இரண்டு வளைவின் எடை ஐந்து மதிப்பெண். இன்னும் இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தால் இந்த அழைப்பே வந்திருக்காது. அந்த அறையில் இயந்திரம் பேசிக்கொண்டிருக்கும்.

"பேப்பர் இருக்கா?"

"கடை நிறைய இருக்குக்கா."

"பரீட்சை ஆபீசுக்கு ஒரு மனு. எழுதின ஒவ்வொரு வரியையும் எழுதினவர் திருப்பி வாசிச்சுக் காட்டணும்னு விதி போடச் சொல்லிக் கேக்கப் போறேன். நான் சொல்றேன், எழுது."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அக்கா வரி வரியாகச் சொன்னார். பரீட்சை நடந்த நாள், கேள்வி எண், நான் சொன்னது இது, தாளில் இருந்தது இது. தன் குற்றத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போனார் கைக்காரர். காது மடல் சுட்டது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு புள்ளியையும் சேர்க்கவில்லை.

"எழுதியவர் பெயரைக் கேட்க வேண்டாம். முற்றுப்புள்ளி. அவர் தானாகவே வந்து என்னிடம் சொன்னார். முற்றுப்புள்ளி. அவர் நல்ல மனிதர். முற்றுப்புள்ளி."

பேனா நின்றது. "அக்கா, அந்தக் கடைசி வரி வேண்டாமே."

"நான் சொன்னதை எழுது தம்பி."

கண்ணில் தண்ணீர் முட்டி எழுத்து கலங்கித் தெரிந்தது. அவர் நல்ல மனிதர் என்று, சொன்னபடியே எழுதினார். பிறகு முதல் வரியிலிருந்து திருப்பி வாசித்துக் காட்டினார்.