உள்ளே வருமுன் வெளியே போன டிரெய்லர்

டோல்கேட் சிக்னல்ல ஷேர் ஆட்டோவுல நசுங்கிக்கிட்டு இருந்தப்பத்தான் அந்த யோசனை பளிச்சுனு வந்துச்சு. நான் வேலை பார்க்கிறது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல. டிரெய்லருங்க உள்ளே மணிக்கணக்கா காத்துக் கிடக்குதுன்னு டிரைவருங்க கத்துவாங்க, அப்படியெல்லாம் இல்லவே இல்லைன்னு மேனேஜர் சாதிப்பார். உள்ளே வர, வெளியே போக ரெண்டு கேட்டு, ரெண்டுலயும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிச்சு, படம் எடுத்து, நேரத்தையும் பதிஞ்சுடுது. போன நேரத்துலேர்ந்து வந்த நேரத்தைக் கழிச்சா விஷயம் முடிஞ்சுது! ஆட்டோவுல எனக்கு இருப்புக் கொள்ளலை.

முன்னாடியே சொல்லிடறேன், பேய் பிசாசுல எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. விம்கோ நகர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி மூடிக் கிடக்கிற பழைய ஃபேக்டரியைப் பத்தி ஆயிரம் கதை சொல்வாங்க, நான் அங்கேயே கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். நீங்க நம்பலைன்னாலும் கோபப்பட மாட்டேன்.

ஆபீஸுக்குப் போனதும் எக்செல்ல ஃபார்முலாவைப் போட்டு இழுத்தேன். முழுக்க #####. நேரம் மைனஸ்ல போனா அது அப்படித்தான் முள்வேலி மாதிரி காட்டும். தோண்டிப் பார்த்தா, வெளி கேட்டு மிஷின் கிரீன்விச் நேரத்துலயே ஓடிக்கிட்டு இருக்கு, யாரும் நம்ம நேரத்துக்கு மாத்தவே இல்லை. அஞ்சரை மணி நேரம் கூட்டினேன். வேலியெல்லாம் மறைஞ்சுது.

ஒரே ஒரு வரியைத் தவிர.

அது அந்தோணி அண்ணனோட டிரெய்லர். ராயபுரத்துக்காரர், என்னை எப்பவும் வம்பிழுக்கிற ஆள். அன்னைக்கு அவருக்கு அதுதான் முதல் டிரிப், உள்ளே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்துச்சு. ஆனா வெளியே போன நேரம் அதுக்கும் முன்னாடி! வேற வண்டி நம்பரைக் கேமரா தப்பாப் படிச்சிருக்கும்னு அந்தப் படத்தைத் திறந்தேன். அதே வண்டி, மேலே சிவப்பு கன்டெய்னர், கேட்டைத் தாண்டுது. டிரைவர் சீட்டு காலி.

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். யார்டுல அந்த வண்டி மேல அப்பத்தான் சிவப்பு கன்டெய்னரை இறக்கிட்டு கிரேன் நகருது. ஆளில்லாம அது ஓடினா அண்ணன் எங்கே இருப்பார்? ஓடினேன். டிரெய்லருக்கு அடியிலேர்ந்து ரெண்டு கால் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"அண்ணே, வெளியே வாங்க!"

"இன்னா மாமு, ஆபீஸ் பத்திக்கினு எரியுதா? ஏர் பைப்பு கலீஜா கீது, தொடச்சிகினு கீறேன்."

காலைப் பிடிச்சு இழுத்தே விட்டேன். டீ வாங்கித் தர்றேன்னு சொன்னேன், வேறென்ன சொல்றது?

"நீ டீ வாங்கித் தர்றியா? இன்னிக்கு மெட்ராசு முழுகிடும் நைனா," ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தார்.

வெளி கேட்டுக்கு எதிர்க்க டீக்கடை பெஞ்சு. ரெண்டு வாய்தான் குடிச்சிருப்போம். அந்த டிரெய்லர் தானா வருது. இன்ஜின் சத்தமே இல்லை. கேட்டுப் பக்கம் மேடு வேற, நம்பினா நம்புங்க, அந்த மேட்டுல ஏறி வருது. கேமரா பளிச்சுனு அடிச்சுது, தடுப்புக் கம்பி தூக்கிக்கிச்சு, வண்டி வெளியே வந்து சுவத்துல சாஞ்சு நின்னுடுச்சு. கேமரா அடிச்ச அந்த நொடியிலேயே அண்ணன் கையிலேர்ந்து கிளாஸ் நழுவி உடைஞ்சிருந்துச்சு.

"நானு அதுக்குக் கீய படுத்துகினு இருந்தேன்டா," ன்னார்.

ஹேண்ட் பிரேக் நழுவிடுச்சுன்னு மெக்கானிக் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டார். நான் ஷீட்டைத் திறந்தேன். இப்ப போனதுக்குப் புதுசா ஒரு பதிவு வந்திருக்கணுமே? வரலை. பழைய அந்த ஒரு வரிதான், பக்கத்துல அதே #####. படத்தை மறுபடி பெருசாக்கினேன். மூலையில டீக்கடை தெரியுது. பெஞ்சுல நான், அன்னைக்குப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையில, கிளாஸும் கையுமா. எனக்குப் பக்கத்துல யாருமே இல்லை. ஒரு கண்ணாடி கிளாஸ் மட்டும் தரைக்கு மேலே அந்தரத்துல விழுந்துக்கிட்டு இருக்கு.

அண்ணன் நல்லாத்தான் இருக்கார். வேலைக்கு வர்றார், வம்பிழுக்கிறார். வர்ற ஞாயித்துக்கிழமை அவர் பொண்ணுக்குச் சர்ச்சுல புதுநன்மை விழா. "என் உசுரக் காப்பாத்தின புள்ள, நீதான் போட்டோ எடுக்கணும் மாமு"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார், சரின்னுட்டேன்.

குடும்பத்தோட நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி அவரை மட்டும் தனியா நிக்க வெச்சு ஒரு படம் எடுக்கப் போறேன். அந்தப் பொண்ணு எட்டிப் பார்க்காதபடி போனைத் திருப்பிப் பிடிச்சுக்கணும்.