கஞ்சியோடு குடித்த மருந்து

காலை 7.10. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்; சீட்டு நாற்பது ரூபாய். மடியில் அட்டோவாகோன் என்ற மஞ்சள் மருந்து, இரண்டாவது புட்டி.

மணப்பாட்டில் என் பள்ளித் தோழனின் அண்ணன் சேவியருக்கு நிமோனியா. தோழன் துபாயில். அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்றிய உடம்பு. வழக்கமான சல்பா மாத்திரை சேராமல் தோல் கொப்பளித்துவிட்டது. ஆரம்ப நிலைதான் என்று டாக்டர் இதை எழுதி வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான், மருந்துக்கடையில் வேலை. ஒன்பது நாளுக்கு முன் முதல் புட்டியைக் கொடுத்து விளக்கம் சொன்னதும் நான்தான்.

"என்னலே, பச்சப்பிள்ளைய வச்ச மாதிரி வச்சிருக்கே?" என்றார் நடத்துநர்.

"மருந்து அண்ணாச்சி."

"டிரைவர்ட்ட சொல்லுதேன், பள்ளத்துல பாத்து இறக்குவாரு. எங்க இறக்க, பறந்துல்லா போறாரு!"

எட்டு மணிக்கு ஆறுமுகநேரி உப்பளங்கள். திருச்செந்தூரில் மாறி, இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். 9.20-க்கு மணப்பாடு.

சேவியர் அண்ணன் தலையணைகளில் சாய்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது.

"ஒரு வேள தப்பல தம்பி" என்று அவர் மனைவி பிலோமினா காலிப் புட்டியைக் காட்டினார்.

"எதோட குடுத்திய மயினி?"

"கஞ்சித் தண்ணியோடதான். காய்ச்சக்காரருக்கு எண்ண ஆகுமா? தபசு காலம் வேற, ஈஸ்டர் வர நோம்புல்லா. முட்டகூட அடுப்புல ஏத்தல."

"பத்தியத்துல... இவ டாக்டரையே... தோக்கடிச்சிருவா" என்று சிரிக்கப் பார்த்தார் அண்ணன்.

கொழுப்புள்ள உணவோடு குடித்தால்தான் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேரும். முதல் புட்டி எழுதும்போதே டாக்டர் அதை என்னிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். நான் மயினியிடம் "சாப்பாட்டோடு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். காய்ச்சல்காரர் வீட்டில் நெய், எண்ணெய் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

9.50-க்கு வேன் பிடித்துத் தூத்துக்குடிக்குத் திரும்பினோம். ஆத்தூர் பாலத்தில், என் கைக்குள் இருந்த அவர் கை தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, மயினி கேட்டார்: "நான் எண்ண சேத்துக் குடுத்திருந்தா இருந்திருப்பாகளா தம்பி?"

"தெரியல மயினி. உங்க மேல தப்பில்ல. டாக்டர் சொன்னத நாந்தான் முழுசாச் சொல்லல."

"உன்னயத்தானய்யா நம்புனோம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

என் ஊரான உடன்குடி பக்கத்தில்தான். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் தூத்துக்குடி வண்டியில் ஏறிவிட்டேன். எங்கள் வீட்டிலும் காய்ச்சல் என்றால் அம்மா கஞ்சிதான் வைப்பாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும், ஏன் என்று கேட்காமல் மாற்றிவிடுவாள். அவளுடைய அந்த நம்பிக்கையை நினைக்கத்தான் பயமாக இருந்தது.