பக்கத்து வளவுத் தக்காளி

சுனாமிக்குப் பிறகு கல்லடியில் நாங்கள் யாரும் மீன் தின்னவில்லை. கடலோடு போனவர்களை மீன்கள்தான் தின்றிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம்.

எனக்கு நெஞ்சு வருத்தம், இதய நோய்; நடந்தாலே மூச்சு வாங்கும். கிளினிக் டொக்டர், "மீன் ஏலாட்டி தக்காளியாவது நல்லாச் சாப்பிடுங்க, ரத்தக் குழாய்க்கு நல்லம்" என்றார்.

பக்கத்து வளவில், வீடு இருந்த வெறும் மணலில், யாரும் விதைக்காமலே தக்காளி முளைத்திருந்தது. அந்த வீட்டில் ஐந்து பேர். இரண்டு பேரின் உடல்கள்தான் கிடைத்திருந்தன. நான் தினமும் காலையில் போய்ப் பறித்துத் தின்றேன். உப்பு ஏறிய மணலில் எப்படி அவ்வளவு இனிப்பு வந்ததென்று யோசிக்கவேயில்லை. மூச்சு வாங்குவதும் குறைந்தது.

ஒருநாள் மனைவியிடம் ஒரு பழத்தை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மீன் மட்டும் வேணாம் எண்டுறீங்க. அந்த வீட்டுப் பிள்ளையள் மூண்டும் இன்னும் கிடைக்கல்ல. இந்த வேர் எங்க போய் நிக்குது எண்டு பாத்தீங்களா?"

வெயிலில் கிடந்த பழம், கைக்குள் உடம்புச் சூடாக இருந்தது.

சில வருடங்களில் நாட்டில் நடந்த யுத்தமும் முடிந்தது. ஊரே மறுபடி மீன் தின்கிறது, நானும் தின்கிறேன். என் இதயம் நன்றாக இருக்கிறது என்று டொக்டர் சந்தோஷப்படுகிறார். யாரைத் தின்று நன்றாயிற்று என்று நான் அவரிடம் சொன்னதில்லை.